பழசைத் திருப்பித் தராத அக்கா

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. பழசு. வயதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அவருக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. கம்பி வலை அடித்த அவருடைய ஜன்னலுக்கு எந்த மெக்கானிக் வந்து எதைக் கேட்டாலும், ஃபேன் பெல்ட் ஆகட்டும், பிரேக் லைனிங் ஆகட்டும், சுண்டுவிரல் அளவு பல்பு ஆகட்டும், அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்கும் முதல் கேள்வி, "பழசு எங்க?" கழற்றிய பாகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தால்தான் புதியது வெளியே போகும். வராவிட்டால் போகாது. பஸ் நடுரோட்டில் நின்றாலும் போகாது. கழற்றிய வைப்பரைக் குப்பையில் போட்டுவிட்ட ஒரு மெக்கானிக்கை, குப்பைத்தொட்டியில் இடுப்பளவு இறங்கித் தேட வைத்த சாதனை இவருடையது.

இந்த வியாதி வீட்டுக்கும் தொற்றியிருந்தது. மனைவி அலமாரியிலிருந்து புது டூத்பிரஷ் எடுத்தால்கூட வாய் தன்னால் கேட்டுவிடும். அவள் பழைய பிரஷ்ஷை அவர் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போவாள். அதோடு அவர் ஒருநாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், சொல்லத்தான் இல்லை.

அப்பேர்ப்பட்ட கறார்ப் பேர்வழி, தன் உடம்பிலிருந்த ஒரு சிறுநீரகத்தை, பழசை வாங்காமலே அக்காவுக்குக் கொடுத்தார்.

அக்கா அவரைவிட ஐந்து வயது மூத்தவள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவனை வறுத்தெடுப்பதுதான் தொழில். அவளிடம் கற்றவர்கள் அழுதுகொண்டேதான் லைசென்ஸ் வாங்குவார்கள். ஆனால் முதல் தடவையிலேயே வாங்கிவிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "திட்டறதுக்குத்தான் தம்பி இருக்கானே, புருஷன் வேற எதுக்கு?" என்பாள். சொன்னபடியே நடந்துகொண்டாள். தினமும் காலை ஏழரைக்குப் போன் வரும். நேற்று அவர் செய்ததில் ஏதாவது ஒன்று, இன்று அவர் செய்யப்போவதில் ஏதாவது ஒன்று, இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இவரும் சளைத்தவர் இல்லை. பதிலுக்குப் பதில் கொடுப்பார். இருவருக்கும் நடுவே பாசம் என்ற பேச்சே எழுந்ததில்லை. எழ இடமும் இருந்ததில்லை.

அப்படியிருக்க அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். இரண்டு வருடம் இவர்தான் அழைத்துப் போய் அழைத்து வந்தார். ஒருநாள் அவள் உள்ளேயிருந்து வெளியே வருகிறாள். முகம் சாம்பல் பூத்திருக்கிறது, கையில் கட்டு, நிற்க முடியாமல் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நிலைமையிலும் அவள் கண்ணில் பட்டது, கோட்டுக்கு வெளியே ஒரு சக்கரம் நீட்டிக்கொண்டிருந்த தம்பியின் கார்.

"கோடு எதுக்குடா போட்டிருக்கான்? அழகுக்கா?"

"ஐயோ சாமி! நீ என் கிட்னியில ஒண்ணை எடுத்துக்கோ, ஆளை விடு!"

"உன்னோடதா? அது உள்ள போயும் பழசு எங்கன்னு கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும்."

இருவரும் காரில் சாய்ந்து சிரித்தார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். மறுவாரம் அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனார்.

தியாகம், பெரிய மனசு என்றெல்லாம் பின்னால் ஊரே பேசியது. நடந்தது இவ்வளவுதான்: ஒரு பார்க்கிங் சண்டையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கக் கூச்சமாக இருந்தது, அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தார். இன்னொரு காரணமும் இருந்தது. அக்கா இல்லாத ஒரு காலை ஏழரை மணியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, கேள்வி ஏதாவது உண்டா என்றார். வேறு யாராயிருந்தாலும் வலிக்குமா, பிழைப்பேனா என்று கேட்டிருப்பார்கள்.

"அவளோட பழசை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். அது பாட்டுக்கு உள்ளயே இருக்கும். சுருங்கிடும். உங்களோடதைக் கீழ, இடுப்புக்கிட்ட தனியா வைப்போம்."

"அப்போ அவளுக்கு மூணா?"

"மூணு."

"எனக்கு ஒண்ணு?"

"ஒண்ணு போதும் சார்."

இருபத்திரண்டு வருடத்தில் தன்னை இப்படி யாரும் ஏமாற்றியதில்லை என்று அவர் மனைவியிடம் புலம்பினார். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள், தினமும் நூறு பேருடைய பவரைப் பார்ப்பவள். பயத்தில்தான் இப்படி உளறுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தலையைத் தடவிக் கொடுத்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவருடைய சிறுநீரகம் அக்காவுக்குள் போனவுடனே, ஆபரேஷன் மேஜையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டதாம். அதன் சொந்தக்காரர் ஒருநாளும் அத்தனை சுறுசுறுப்பாக வேலை தொடங்கியதில்லை. மூன்றாம் நாள் அக்கா சலைன் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு, தானே நடந்து அவர் அறைக்கு வந்தாள். இவர் ஆஸ்பத்திரி அங்கியை முன்பின்னாக மாட்டியிருந்தார். அதற்கு விழப்போகும் திட்டுக்குப் பதிலையும் தயாராக வைத்திருந்தார். அவளோ போர்வைக்கு மேலாக அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்டா" என்று அழுதாள்.

அவர் பயந்துபோனார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். தெளிந்த பிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள்.

அடுத்த சில வாரங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பணிமனை மேலாளர் சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். பக்கத்து வீட்டுக்காரர் தெய்வம் என்றார். தெய்வமாக இருப்பதில் எத்தனை தொல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட முடியாது. யாராவது நலம் விசாரித்தால், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொள்வார்கள். தப்பித்தவறி ஒருவர் இவரைக் கேட்டுவிட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்.

உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆறே வாரத்தில் தையல் தழும்பாகிவிட்டது. மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகம் இரண்டு ஆள் வேலையை முணுமுணுக்காமல் பார்த்தது. மனசுதான் படுத்துவிட்டது. காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸ் மாட்டுவார். அடுத்த சாக்ஸ் கையிலேயே அரைமணி நேரம் இருக்கும். டிவியில் டயர் விளம்பரம் பார்த்து அழுதார். அதில் அழ எதுவுமே இல்லை, ஒரு டயர் உருண்டு போகும், அவ்வளவுதான். கொடுத்தது என்னவோ நூற்றைம்பது கிராம். உள்ளே ஒரு கிடங்கே காலியானது போல இருந்தது.

இதில் வெட்கம் வேறு. அக்கா பிழைத்துவிட்டாள், கன்னத்தில் ரத்தம் ஏறிவிட்டது, மறுபடியும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறாள். நீ எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தன்னைத்தானே திட்டிப் பார்த்தார். அந்தத் திட்டில் சுருதியே சேரவில்லை. அதற்குக் கைதேர்ந்த ஆள் ஒருத்தி இருந்தாள். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஆம், ஏழரைப் போன் தவறாமல் வந்தது. "சாப்பிட்டியாடா? தண்ணி நிறையக் குடிக்கிறியா? உடம்பைப் பாத்துக்கோப்பா." ப்பா! நாற்பத்தாறு வருடத்தில் அவள் வாயில் வராத ப்பா. ரெண்டே நிமிஷத்தில் போனை வைத்துவிடுவாள். மீதி எட்டு நிமிஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உறுப்புக் கொடுத்தவர்களைக் கவனிக்கவென்றே அங்கே ஒரு அம்மா இருந்தார். கையில் நீலக் கோப்பு, காதில் பேனா. தூக்கம் எப்படி? நன்று. மனநிலை? நன்று. தானம் பெற்றவருடன் உங்கள் உறவு: மேம்பட்டிருக்கிறது, முன்பு போலவே இருக்கிறது, மோசமாகியிருக்கிறது, ஒன்றைக் குறிக்கவும். மேம்பட்டிருக்கிறது என்று குறித்தார். காலைப் பிடித்து அழும் அக்காவை வைத்துக்கொண்டு வேறு எதைக் குறிப்பது? சிறுநீரகத்தோடு சேர்த்துப் பொய்யையும் தாராளமாக வழங்கிவிட்டு வந்தார்.

குட்டு வெளிப்பட்டது பணிமனையில்தான். ஒருநாள் மாலை போர்மேன், கைகூடக் கழுவாமல், கிரீஸ் கையோடு கண்ணாடிக் கடைக்கே வந்து நின்றார்.

"அண்ணி, இன்னிக்கு ஹெட்லைட் கேட்டேன். அண்ணன் எடுத்துக் குடுத்துட்டாரு."

"குடுத்தா நல்லதுதானே?" என்றாள் மனைவி.

"பழசு எங்கன்னு கேக்கல அண்ணி. ஒரு மாசமா யாரையுமே கேக்கல. பசங்க முதல்ல ஜாலியாதான் இருந்தாங்க. இப்போ பயப்படறாங்க. நாங்களா கொண்டுபோய் பழசை ஜன்னல்ல வைக்கிறோம், அதை அவர் ஏறெடுத்துக்கூடப் பாக்கல. அங்க மலையா குவிஞ்சு கிடக்கு."

மனைவி அன்றே அந்த நீலக் கோப்பு அம்மாவுக்குப் போன் செய்து, "எங்க வீட்டுக்காரர் படிவத்துல எழுதினது எதையும் நம்பாதீங்க" என்றாள். இரண்டு நாளில் அவர் மனநல ஆலோசகர் முன்னால் உட்கார வைக்கப்பட்டார். ஆலோசகருக்குப் பயங்கர ஜலதோஷம். தும்மலுக்கு நடுவே கேட்டார்.

"இந்த ஆபரேஷன்ல நீங்க எதை இழந்ததா நினைக்கிறீங்க?"

"நூத்தம்பது கிராம்."

"அது இல்லாம?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கக்கா என்னைத் திட்டறதில்ல."

சொன்ன மாத்திரத்தில் காது மடல் சூடாகிவிட்டது. நாற்பத்தாறு வயது ஆள், டாக்டரிடம் வந்து, அக்கா திட்டவில்லை என்று புகார் சொல்வது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆலோசகர் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொடுத்தவர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு சோர்வு வருவது உண்டு என்றார். எல்லோரும் வாங்கினவரையே பார்ப்பார்கள், கொடுத்தவர் தனக்கு எதுவும் ஆகவில்லை என்றே நடிப்பார், கடைசியில் நன்றி என்கிற பாரத்தை இரண்டு பேருமே தூக்கிக்கொண்டு நடப்பார்கள் என்றார்.

"அக்காகிட்டயே சொல்லிப் பாத்தீங்களா?"

"என்னன்னு சார் சொல்றது? தயவுசெஞ்சு என்னைத் திட்டுன்னா?"

"சொல்லலாமே" என்று சொல்லிவிட்டு அவர் தும்மினார்.

நேராகச் சொல்லிவிட்டால் அவர் பழசு இல்லையே. திட்டு வாங்குவதற்குத் திட்டம் போட்டார். அக்கா வீட்டுக்குப் போய், அவள் கொடுத்த டீயைப் பாத்திரம் கழுவின தண்ணீர் என்றார். அவள் வேறு டீ போட்டுக் கொடுத்தாள். "உன்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாம் ரிவர்ஸ்ல மட்டும்தான் நல்லாப் போறாங்களாமே" என்றார். பழைய அக்காவாக இருந்தால் அன்று வீட்டுக் கூரை நின்றிருக்காது. "ஆமாடா, நான் இன்னும் நல்லா சொல்லித் தரணும்" என்றாள். கடைசி அஸ்திரமாக அவள் பிறந்தநாளை வேண்டுமென்றே மறந்தார். அவள் இவருக்கு ஒரு சட்டை வாங்கி அனுப்பினாள். சட்டை அளவாக வேறு இருந்தது. அன்றைக்கு அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். சிறுநீரகத்தைக் கொடுத்து அக்காவைக் காப்பாற்றியாயிற்று; காப்பாற்றிய அக்கா வேறு யாரோ. தன் அக்காவைத் தான்தான் தொலைத்துவிட்டோம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

ஆறாம் மாதப் பரிசோதனை இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனார்கள். இவர் ஓட்டினார், அவள் தன் வழக்கமான இடத்தில். வழியில் இரண்டு இடங்களில் அவள் கால் தன்னால் பிரேக்கைத் தேடுவதும், தேடின காலை அவளே இழுத்துக்கொள்வதும் அவருக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினார். அன்று எந்தத் திட்டமும் இல்லை. மனசு எங்கோ இருந்ததில் நிஜமாகவே கோணலாக, இரண்டு கட்டங்களுக்கு நடுவில், கோட்டின் மேலேயே நிறுத்திவிட்டார்.

அக்கா ஜன்னல் வழியே கோட்டைப் பார்த்தாள். கன்னம் துடித்தது. வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"பரவால்லப்பா. வா போலாம்."

அந்தப் பரவால்லப்பாவில் அவர் உடைந்துபோனார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். ஹாரன் அடித்தது, அழக்கூட முறையாகத் தெரியாதவர். நெற்றியை எடுத்தார். "திட்டித் தொலையேன்க்கா" என்றார்.

"என்னடா?"

"கோட்டு மேல நிறுத்தியிருக்கேன். நீ பாத்த. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டேன்."

"எப்படிடா திட்டுவேன்?" என்றாள். அவள் கை இடுப்புப் பக்கம், கீழே, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. "வாயைத் திறந்தா கை தன்னால இங்க வந்துடுது. வாடகைக்கு இருக்கறவ வீட்டுக்காரனைத் திட்ட முடியுமா? எல்லாத்தையும் முழுங்கறேன். உனக்கு வர வேண்டியதெல்லாம் ஸ்கூல்ல இருக்கறவங்களுக்குப் போகுது. மூணு பேர் பாதியிலயே நின்னுட்டாங்க."

"வாடகையாவது ஒண்ணாவது. என் ஜன்னலைத் தாண்டினா அது பஸ்ஸோட சாமான். நான் எந்த பஸ் பின்னாடியாவது போய் என் பெல்ட் எப்படி இருக்குன்னு கேட்டிருக்கேனா?" அவர் மூக்கை உறிஞ்சினார். "கொடுத்ததைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பழசுதான் திரும்பி வரல."

"அது உள்ளயே சுருங்கிக் கிடக்குடா. டாக்டர்தான் சொன்னாரே."

"அந்தப் பழசு இல்ல." பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். ஒற்றை சாக்ஸ், டயர் விளம்பரம், போர்மேன், தும்மல்கார ஆலோசகர்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. கை இடுப்பை விட்டு எழுந்து டேஷ்போர்டில் ஓங்கி ஒரு அடி அடித்தது.

"ஆறு மாசம்! ஆறு மாசமா இப்படிக் கெடந்துட்டு எங்கிட்ட வாயைத் திறக்கல? தினம் ஏழரைக்குப் போன் பண்றேனே, கல்லு மாதிரி இருக்கேன்னியேடா! கல்லாம் கல்லு! மண்ணுடா நீ! டீயைக் குத்தம் சொல்லத் தெரியுது, மனசு சரியில்லன்னு சொல்லத் தெரியாதா? அதுவும் இந்தச் சட்டை. நான் வாங்கிக் குடுத்த நல்ல சட்டையில பட்டனை மாத்திப் போட்டிருக்க, காலையிலேர்ந்து பாக்கறேன், பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கேன்! அப்புறம் இது என்ன பார்க்கிங்? கோடு எதுக்குடா போட்டிருக்கான்? அழகுக்கா?"

காரை நகர்த்தச் சொல்ல வந்த காவலாளி, அக்கா திட்டி முடிக்கட்டும் என்று தள்ளி நின்றார். முடிகிற மாதிரி தெரியவில்லை. ஆறு மாதச் சரக்கு தீர்ந்து, பேச்சு அவருடைய பள்ளிக்கூட நாட்களுக்குப் போய், எட்டாம் வகுப்பில் அவர் தொலைத்த அவளுடைய சைக்கிள் பூட்டில் வந்து நின்றது. இவர் அழுதுகொண்டே காரைப் பின்னால் எடுத்தார். "கண்ணாடியைப் பாருடா!" பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த முகம் மூக்குச் சிவந்து, பட்டன் கோணி, படு அசிங்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கட்டத்துக்குள் கார் நிற்க ஐந்து தடவை ஆனது. ஐந்து தடவைக்கும் தனித்தனியாக வாங்கினார்.

உள்ளே நீலக் கோப்பு அம்மா படிவத்தை நீட்டினார். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவை இப்படியா பிடிப்பார்கள் என்று ஆரம்பித்திருந்தாள். தூக்கம்? சரியில்லை என்று எழுதினார். மனநிலை? சரியில்லை, இப்போது கொஞ்சம் தேவலை என்று ஓரத்தில் நுணுக்கி எழுதினார். அடுத்த கேள்வியில் நிதானமாக ஒரு குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மா வாசித்துப் பார்த்தார். முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"போன தடவை உறவு மேம்பட்டிருக்குன்னு போட்டிருந்தீங்க சார். இப்போ முன்பு போலவேன்னு போட்டிருக்கீங்க. இவ்வளவு பெரிய காரியம் பண்ணியும் ஒண்ணும் மேம்படலையா?"

"இல்லம்மா" என்றார் அவர். சந்தோஷத்தில் குரல் நடுங்கியது. "கொஞ்சம்கூட மேம்படல."

"எழுந்திருடா, மத்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் அக்கா.